காஸ்டிக் குடித்த மஞ்சள் நூல்

ஜெயக்கொடிக்கு வாய் அடங்காது என்று சின்ன வயதிலேயே மம்சாபுரத்தில் பேர் வந்துவிட்டது. அப்பா தேவஇரக்கம் பேரூராட்சியில் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை பார்த்தார். எந்தத் தெருவுக்கு முதலில் விடுவது என்பதில் ஊர்ப் பெரிய ஆட்கள் அவரை மிரட்டுவார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். பக்கத்தில் நிற்கும் மகள்தான், "எங்க தெரு பைப்புல காத்துதான் வருது, ஒங்க வீட்டுல மாடு குளிப்பாட்டத் தண்ணி ஓடுது. இது என்ன நியாயம்?" என்று கேட்டுவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் முதுகில் விழும். வாங்கிக்கொண்டு அடுத்த முறையும் கேட்பாள்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு நூற்பாலையில் சேர்த்துவிட்டார்கள். ஆலை விடுதியிலேயே தங்கி மூன்று வருஷம் வேலை பார்த்தால், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகக் கையில் தருவார்கள் என்று ஏற்பாடு. இடையில் கிளம்பினால் ஒன்றும் கிடையாது. மூன்றாம் வருஷம் கூமாப்பட்டிப் பிள்ளை ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டு அனத்த ஆரம்பித்தது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே விடுதிக்காரம்மா தள்ளிக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி அந்தப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். காவலாளி மறித்தான். "கதவைத் தெறக்கீரா, இல்ல இங்கனயே கெடத்தட்டுமா? செத்துப்போனா ஒம்ம பேரைத்தான் சொல்லுவேன்" என்றாள். கதவு திறந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஜெயக்கொடிக்குக் கல்யாணக் காசு போயிற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, "அந்தக் காசுல கட்டுற தாலி கழுத்தை அறுக்கும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். செட்டியார்பட்டி சோலைராஜ், மினி பஸ் டிரைவர். அவன் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்றது இந்த வீடு. அவள் பொட்டு வைக்க வேண்டும் என்றது அந்த வீடு. இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, யாரும் யாரையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போவாள். ஆடிப்பூரத்துக்கு அவன் தேர் வடம் பிடிக்கப் போவான். வீட்டில் குழம்புச் சட்டி ஒன்றுதான். ஜூடி என்று ஒரே மகள். இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறாள்.

ராஜபாளையத்துக்கு வெளியே சீனிச்சாமி முதலாளியின் பிளீச்சிங் யூனிட்டில் ஜெயக்கொடி முதலில் தரை கழுவுகிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். சுற்று வட்டாரத் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணி அங்கே பழுப்பாக, கஞ்சி நாற்றத்தோடு வந்து இறங்கும். அதைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் அவித்து, வெளுத்து, அலசி, வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். துணியை ஓட்டை போட்ட இரும்புக் கூண்டில் அடுக்கி, ஆள் உயரத்துக்கு மேலிருக்கும் எஃகு டேங்குக்குள் இறக்கி, மூடி, நீராவி விடுவார்கள். வெந்த பிறகு கூண்டை ஹாய்ஸ்ட் என்கிற தூக்கு மெஷினால் வெளியே தூக்கி, மேலே ஓடும் தண்டவாளத்திலேயே நகர்த்தி, அலசுகிற இடத்தில் வைக்க வேண்டும். ஹாய்ஸ்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன் திருப்பூருக்குப் போய்விட்டபோது, "நான் ஓட்டுதேன் சார்" என்று மேனேஜர் சாம்சன் முன்னால் போய் நின்றாள்.

"பொம்பளைக்கு அது சரிப்படாதும்மா."

"அழுத்துறது ஆம்பளையா பொம்பளையான்னு பட்டனுக்குத் தெரியுமா சார்?"

சாம்சனும் அவள் சபைக்காரர்தான். சிரித்துவிட்டுக் கொடுத்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொங்கும் பட்டன் பெட்டியை அவள் கையில் பிடித்தால், கூண்டு தொட்டிலில் பிள்ளையை எடுத்த மாதிரி எழும்பும் என்று கீழே நிற்பவர்கள் சொல்வார்கள்.

அப்போதெல்லாம் கூண்டைக் கொக்கியில் மாட்ட இரும்புக் கம்பி வடம்தான். சோடாவிலும் தண்ணீரிலும் கிடந்து அது துருப்பிடிக்கும். துரு ஒரு துளி துணியில் பட்டால் போதும், வெளுக்கிற மருந்து ஊற்றும்போது அந்த இடம் ஓட்டையாகிவிடும். ஒரு பெரிய ஆஸ்பத்திரி லாரியோடு சரக்கைத் திருப்பி அனுப்பியது. முதலாளி ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். கறுப்பு உறை போட்ட வளையமான பெல்ட் ஒன்றைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு வந்தார். மாதிரிக்கு வைத்திருந்த துண்டை வெட்டிக் காட்டினார். உள்ளே தங்க மஞ்சளில் நூல்.

"குண்டு துளைக்காத சட்டை செய்றாங்கல்ல, அதே நூலு. இதே கனத்துக்கு எஃகுக் கம்பியை விட அஞ்சு மடங்கு பலம். துருங்கிற பேச்சே இல்லை. ஒரு பெல்ட் மூணு டன் தூக்கும்."

எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். ஜெயக்கொடியும் தொட்டாள். கம்பி வடத்தின் பிசிறு குத்திக் குத்தி அவள் உள்ளங்கை காய்த்துக் கிடந்தது. "இதுதான் சார் நல்லது, இதையே வாங்குங்க" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவளும் அவள்தான். மூன்று வாங்கினார்கள். அங்கே இருந்த இரண்டு டேங்குக்கும் ஒவ்வொன்று; ஒன்று ஸ்டோர் ரூமில்.

பெல்ட்டும் நல்லபடியாகத்தான் உழைத்தது. ஒன்றாம் நம்பர் டேங்க் ஓய்வில்லாமல் ஓடும். இரண்டாம் நம்பர், ஆர்டர் அதிகமானால் மட்டும். ஒவ்வொரு தடவை கூண்டு எழும்பும்போதும் கொதிக்கக் கொதிக்க சோடாத் தண்ணீர் பெல்ட்டின் மேல் வழியும். வேலை முடிந்ததும் ஜெயக்கொடி ஓஸ் பைப்பால் அதைக் கழுவி மாட்டுவாள். துணியில் ஒரு கறை கிடையாது. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தபோதும் கறுப்பு உறை பளபளவென்றுதான் இருந்தது.

ஒரு நாள் காலை, டீ குடித்துவிட்டு வந்து ஒன்றாம் டேங்கைத் திறந்தார்கள். ஜெயக்கொடி பட்டனை அழுத்தினாள். கூண்டு ஆவி பறக்க எழும்பி, டேங்கின் விளிம்பைத் தாண்டியது. விமல் நீளக் கொக்கியால் கூண்டு ஆடாமல் திருப்பிக்கொண்டிருந்தான். செட்டியார்பட்டிப் பையன், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. கம்பி அறுந்தால் கிரீச்சென்று கேட்கும், ஆள் ஓடிவிடலாம். அன்றைக்கு அப்படி ஒரு சத்தமும் வரவில்லை. ஈரத் துணியை உதறினாற்போல் மொத்தென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கூண்டு கீழே கிடந்தது. கூண்டுக்கடியில் விமலின் வலது கால்.

எல்லாரும் அலறிக்கொண்டு கூண்டைப் புரட்ட ஓடினார்கள். ஜெயக்கொடி ஓஸ் பைப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். துணியிலிருந்து வழிந்த காஸ்டிக் தண்ணீர் அவன் மேல் ஊறிக்கொண்டிருந்தது. "நீங்க தூக்குங்கலே, நான் தண்ணி அடிக்கேன். எவனும் பைப்பை மிதிச்சிராதிய!" என்று கத்தினாள். ஆம்புலன்ஸ் வந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் வரை அவன் காலில் தண்ணீர் விட்டபடியே நின்றாள். விமல் அவள் முந்தானையைப் பிடித்திருந்த பிடியை இரண்டு பேர் சேர்ந்துதான் விடுவித்தார்கள்.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கெண்டைக்காலில் தோல் வெந்திருந்தது. கால் தங்கும், கம்பி வைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் விமலின் பெண்டாட்டி ஜெயசித்ரா இடுப்பில் பிள்ளையோடு எழுந்து வந்தாள்.

"பட்டன் ஒங் கையிலதான இருந்துச்சு? நீதான தூக்குன? ஒங் கை வெளங்குமா? நீ நல்லா இருப்பியா?"

யார் என்ன சொன்னாலும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிற ஜெயக்கொடி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் பித்துப் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலைச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்துவாள், எடுப்பாள், திரும்ப அழுத்துவாள். சோலைராஜ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, என்ன செய்த?"

"எங் கை பதறிருச்சோன்னு பாக்கேன்."

"பதறிச்சா?"

"இல்ல. எப்பவும் போலத்தான் அழுத்துனேன். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா வருது."

"நான் எம்புட்டு வருசமா வண்டி ஓட்டுதேன். பிரேக்ல கால் வச்சேனா இல்லையான்னு ஊரைக் கேட்டா நான் தெரிஞ்சுக்கிடணும்? ஒங் கை செஞ்சது ஒனக்குத் தெரியும்ட்டி. சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் வந்து சேரவும், சாம்சன் ஆப்பிள் பையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உட்கார்ந்து, ஜூடி படிப்பை விசாரித்து, சோலைராஜின் பஸ்ஸை விசாரித்து, தண்ணீர் குடித்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"புதன்கிழமை விசாரணைக்குக் கவர்மென்ட் ஃபேக்டரி ஆபீசர் வாராரும்மா. ஒன்னையும் கேப்பாரு. அவசரத்துல பட்டனை வெடுக்குன்னு அழுத்திட்டேன்னு சொல்லிரு. ஒனக்கு ஒண்ணும் வராது, நான் பாத்துக்கிடுதேன். கொஞ்ச நாள் வீட்டுல இரு, பொறவு மடிப்பு செக்‌ஷன்ல ஒக்காந்து வேலை பாரு. விமலுக்கும் சட்டுன்னு ஒதவி போய்ச் சேரும். பெல்ட்டு அது இதுன்னு போனா கேஸ் வருசக்கணக்கா இழுக்கும்."

"நான் வெடுக்குன்னு அழுத்தலையே சார்."

"சரிம்மா, அப்ப பெல்ட் எப்பிடி அறுந்துச்சு? குண்டே துளைக்காத நூலு. நீயும்தான நல்லதுன்னு சொன்ன?"

"சொன்னேன். எப்பிடி அறுந்துச்சுன்னு எனக்குத் தெரியல. ஒங்களுக்கும் தெரியல. தெரியாததை எல்லாம் கொண்டுவந்து எந் தலையில வச்சிருவியளா?"

சாம்சன் குரலைத் தணித்தார். "நம்ம சபையில எத்தனை குடும்பத்துக்கு அந்த முதலாளி சோறு போடுதாருன்னு நெனைச்சுப் பாரு. ஆண்டவருக்குத் தெரியும்."

"அதேதான் சார் நானும் சொல்லுதேன். செஞ்சிருந்தா அவர் முன்னால மண்டி போட்டுச் சொல்லுவேன். செய்யாததை அந்த ஆபீசர் முன்னால நின்னுக்கிட்டுக்கூடச் சொல்ல மாட்டேன்."

ஆப்பிள் பையை அவர் பைக்கின் ஹேண்டிலில் அவளே கொண்டுபோய் மாட்டிவிட்டாள்.

மறுநாள் வழக்கம் போல் வேலைக்குப் போனாள். ஹாய்ஸ்ட்டைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தொடவில்லை. பழைய இரும்பு போடும் மூலையில் அறுந்த பெல்ட் கிடந்தது. எடுத்துக்கொண்டு நேராக லேபுக்குப் போனாள். லேபில் எலினா என்று ஒரு கெமிஸ்ட்ரி படித்த பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அலசி முடித்த துணியில் சோடா மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. மிச்சம் இருந்தால் நோயாளியின் புண் எரியும்.

"ஏம்மா, இது ஏன் அறுந்துச்சுன்னு ஒங்க படிப்புல ஏதாவது சொல்லுமா?"

எலினா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலால் கறுப்பு உறையைக் கீறினாள். மேலே அத்தனை பளபளப்பாக இருந்த பெல்ட்டுக்குள்ளே தங்க மஞ்சளைக் காணோம். டீக் கறை மாதிரி பழுப்பு ஏறி, விறைத்துப்போன நூல். ஒரு பிடி பிய்த்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு, ஒரு பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் சட்டென்று ரோஸ் நிறமாகிவிட்டது.

"துணிக்கும் இதே மருந்துதான் விடுவேன்க்கா. ரோஸ் ஆச்சுன்னா சோடா இன்னும் போகலைன்னு திருப்பி அனுப்பிருவேன். பெல்ட்டை எங்கிட்ட யாரும் கொண்டுவரவே இல்லையே."

"நான் தெனமும் கழுவுனேனே?"

"மேலதானக்கா கழுவுனீங்க. உறைக்குள்ள போன சோடாத் தண்ணி எப்பிடி வெளிய வரும்? காயும்போது தண்ணி மட்டும் ஆவியாப் போயிரும், சோடா உள்ளேயே கெட்டியா உக்காந்துக்கிடும். திரும்ப நனைஞ்சதும் திரும்ப வேலையைக் காட்டும்."

"குண்டு துளைக்காதுன்னு சொன்னாரே அந்த ஆளு. பொய்யா?"

"பொய் இல்லைக்கா. குண்டைத் தாங்கும், தீயைத் தாங்கும், இழுத்தா எஃகை விடத் தாங்கும். ஆனா எந்த நூலுக்கும் ஒரு பகையாளி உண்டு. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நீளச் சங்கிலியா கோத்துக் கெடக்கும். கண்ணியும் கண்ணியும் சேருற எடத்துல தண்ணி புகுந்து பிரிக்கப் பாக்கும். வெறும் தண்ணின்னா லேசுல முடியாது. சோடாவும் சூடும் கூடச் சேந்துட்டா அறுத்துக்கிட்டே போயிரும். நீளச் சங்கிலி துண்டு துண்டாப் போனபொறவு அதுல எங்க பலம் இருக்கும்? பாலியெஸ்டர் பெல்ட்டும் சோடாவுக்கு ஆகாது. நம்ம டேங்குக்கு இந்த ரெண்டுமே சரிப்படாது."

ஜெயக்கொடி ரோஸ் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாறை கொஞ்சம் நகர்ந்தது. அதற்குப் பதிலாகக் கோபம் வந்து உட்கார்ந்தது.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. என்னை இன்னும் பெர்மனன்ட் ஆக்கலை."

"ஒம் பேரை நான் ஏன் இழுக்கேன்? அந்தப் பெல்ட்டே பேசட்டும்."

புதன்கிழமை ஆபீசர் வந்தார். ஒடிசலான, களைத்துப்போன மனிதர். முதலாளி சீனிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். சாம்சன் நடந்ததைச் சொன்னார். 'ஆப்பரேட்டர் கவனக்குறைவு' என்ற இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆபீசர் ஜெயக்கொடியைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"நான் சொன்னா எம் பக்கம் சொல்லுதேன்னு ஆயிரும் சார். அவிய சொன்னா அவிய பக்கம். மூணு பெல்ட்டும் ஒண்ணா வாங்குனது. ஒண்ணு அறுந்து போச்சு. ஒண்ணு ரெண்டாம் டேங்குல ஓடிக்கிட்டிருக்கு. ஒண்ணு பிரிக்காம ஸ்டோர்ல கெடக்கு. ரெண்டையும் மாட்டித் தூக்கிப் பாருங்க. ரெண்டும் தாங்குச்சுன்னா எங் கைதான் தப்பு, ஒத்துக்கிடுதேன். நாளைக்கே வேலையை விட்டும் போயிருதேன்."

"வேண்டாம்மா, எதுக்கு இந்தச் சபதமெல்லாம்?" என்று சாம்சன் முன்னால் வந்தார். ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார். "தூக்கிப் பாத்தா என்ன?"

ஆட்களை எல்லாம் தூரமாக ஒதுக்கினார்கள். இரண்டாம் டேங்கின் பெல்ட்டை மாட்டி, ஈரத் துணிக் கூண்டு ஒன்றைக் கோத்தார்கள். பட்டன் பெட்டியை அவளிடம் தரக் கூடாது என்று சாம்சன் சொல்ல, எலக்ட்ரீஷியன் பிடித்தான். கூண்டு தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது. நின்றது. ஆடாமல் அசையாமல் நின்றது.

சாம்சன் மூச்சு விட்டது கேட்டது. ஒரு நிமிஷம் ஜெயக்கொடியே, தன் கைதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்துவிட்டாள். வராந்தாவில் பிள்ளையோடு நின்ற ஜெயசித்ராவின் முகம் வந்து போனது. தலையை நிமிர்த்தினாள்.

"எறக்குங்க. இன்னொரு கூண்டையும் சேத்து மாட்டுங்க."

"என்ன வெளையாடுதியா?" என்றார் சாம்சன்.

"மூணு டன் தூக்கும்னுதான சார் வாங்குனிய? ஒரு கூண்டு ஒரு டன்னு கூட வராது. ரெண்டு கூண்டை ஹாய்ஸ்ட்டும் தூக்கும், பெல்ட்டும் தூக்கணும். தூக்காட்டி அது என்ன மூணு டன் பெல்ட்டு?"

ஆபீசர் தலையசைத்தார். இரண்டு கூண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். ஹாய்ஸ்ட் முனகியது. பெல்ட் விறைத்தது. கூண்டுகள் தரையை விட்டு எழும்பின. எழும்பிய வேகத்தில் அதே மொத்தென்ற சத்தம். யாரும் பக்கத்தில் இல்லை. தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது.

ஸ்டோரிலிருந்த புதுப் பெல்ட்டை மாட்டினார்கள். அது அதே இரண்டு கூண்டையும் பூ மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. எலக்ட்ரீஷியன் வேண்டுமென்றே பட்டனை வெடுக் வெடுக்கென்று அழுத்தினான். பெல்ட் அசரவில்லை.

"சாலு... சாலு" என்று சீனிச்சாமி முதலாளி தெலுங்கில் முணுமுணுத்தார். போதும், இறக்கு என்று கையைக் காட்டினார். அறுந்து கிடந்த பெல்ட்டின் அருகே போய்க் குந்தி, பிய்ந்த நூலை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். அது பொடிந்தது. அப்போது யாரும் கூப்பிடாமலே எலினா பாட்டிலும் குவளையுமாக லேபிலிருந்து இறங்கி வந்தாள். "சார், நான் கொஞ்சம் சொல்லலாமா?" என்று ஆபீசரிடம் கேட்டாள். ஜெயக்கொடி அவளைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவள் கேட்கவில்லை. பழைய நூலையும் புது நூலையும் எல்லாருக்கும் முன்னால் தண்ணீரில் போட்டு, பழையது மட்டும் ரோஸாவதைக் காட்டி, லேபில் ஜெயக்கொடியிடம் சொன்னதை எல்லாம் திரும்பச் சொன்னாள்.

கோயம்புத்தூர் விற்பனைக்காரருக்குப் போன் போட்டார்கள். எவ்வளவு எடை என்று மட்டும்தான் கேட்டீர்கள், காஸ்டிக் டேங்க் என்று சொல்லவே இல்லையே என்றார் அவர். நீங்களும் கேட்கவில்லையே என்றார் முதலாளி. அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. விமலின் ஆஸ்பத்திரிச் செலவும், அவன் எழுந்து நடமாடும் வரை சம்பளமும் யூனிட் பொறுப்பு என்றாயிற்று. இரண்டு டேங்குக்கும் துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி வந்தது.

சங்கிலி மாட்டிய அன்று முதலாளி ஜெயக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் நல்ல மனுஷர்தான். கண்ணைப் பார்த்துப் பேச அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"மனசுல வச்சுக்கிடாதம்மா. நடந்தது நடந்துபோச்சு. ஆனா இதை வெளிய கொண்டுபோயிச் சொல்லிக்கிட்டு இருக்காத. நம்ம யூனிட் பேரு கெட்டுரும்."

"இதே ரோட்டுல இன்னும் நாலு யூனிட்டுல அந்த ஆளு பெல்ட் வித்துருக்காரு முதலாளி."

"அது அவிய பாடு."

"அங்கயும் கூண்டுக்குப் பக்கத்துல ஆளுதான் நிக்குது. நான் சொல்லத்தான் செய்வேன்."

சொன்னாள். ஷிப்ட் மாறும் நேரம் பார்த்துச் சோலைராஜின் பழைய மொபெட்டில் ஒவ்வொரு யூனிட் வாசலுக்கும் போய் நின்றாள். வெளியே வருகிற பெண்களிடம் பழுப்பு நூலையும் மஞ்சள் நூலையும் காட்டினாள். முதல் யூனிட்டில் காவலாளியை விட்டு விரட்டினார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசினாள். "ரோடு ஒங்க அப்பன் போட்டதா?" என்று கேட்டதாகவும் சொல்வார்கள். இரண்டாவது யூனிட்டில் பெண்கள் உள்ளே போய் பெல்ட் உறையைக் கிழித்தே பார்த்துவிட்டார்கள். உள்ளே நூல் பழுத்திருந்தது. அன்றைக்கே கழற்றினார்கள். இன்னொரு இடத்தில் பெல்ட் காய்ந்த துணி மூட்டை தூக்க மட்டும்தான் பயன்பட்டது, சோடாப் பக்கமே போனதில்லை. நூல் தங்கமாக மின்னியது. "இது நல்லாருக்கு, பயமில்லாமப் போடுங்க" என்று அதையும் அவளே சொன்னாள். ஒரு மேனேஜர், இவள் போட்டிக் கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு சுற்றுகிறாள் என்றார். அவர் காதுபடவே சிரித்தாள்.

பலன் உடனே கிடைத்தது. மற்ற முதலாளிகள் சீனிச்சாமிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால் ஹாய்ஸ்ட்டில் வேறொரு ஆள் நின்றான். ஜெயக்கொடிக்கு மடிப்பு மேசை. வேலையை விட்டுப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். "நான் எதுக்குப் போணும்? தப்புச் செஞ்சவன் போட்டும்" என்று மடிப்பு மேசையில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தியபடியே பேண்டேஜ் மடித்தாள். வீட்டில் மட்டும் சோலைராஜிடம் ஒரு தடவை அழுதாள். "எங் கை அந்தப் பட்டனுக்குப் பழகிப்போச்சுங்க" என்றாள். அன்றைக்கு அவனே ரசம் வைத்தான்.

விமலுக்குக் கால் ஒன்றிவிட்டது, ஆனால் சாய்த்துத்தான் நடக்கிறான். இனிமேல் கூண்டுப் பக்கம் நிற்க முடியாது. உட்கார்ந்து பார்க்கும் வேலை காலியானதும் தருவதாகச் சொன்னார்கள். அதுவரை வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டும் என்று ஜெயசித்ரா வேலைக்கு வந்தாள். புருஷன் பார்த்த அதே வேலை, கொக்கி பிடிக்கிற வேலை.

முதல் நாள் டேங்கைத் திறந்தார்கள். புது ஆப்பரேட்டர் போன் பேசிக்கொண்டே வந்து பட்டன் பெட்டியை எடுத்தான். ஜெயசித்ரா கொக்கியைத் தரையில் போட்டுவிட்டாள்.

"சங்கிலியைப் பாத்தியா?"

"அதெல்லாம் எஃகு. பாக்க வேண்டாம்."

"அந்தப் பெல்ட்டையும் அம்புட்டு ஒசத்தியான நூல்னுதான் சொன்னாவ." அவள் சாம்சன் பக்கம் திரும்பினாள். "சார், ஜெயக்கொடியக்காளைக் கூப்பிடுங்க. அவ தூக்குனாத்தான் நான் கொக்கியைப் பிடிப்பேன்."

"நீதானம்மா ஆஸ்பத்திரியில அவளை அம்புட்டுப் பேச்சுப் பேசுன?"

"பேசுனேன். இப்பவும் அவ வாய்க்கும் எனக்கும் ஆகாது. பிரியத்துல சொல்லல சார். எம் புருசன் கால்ல அம்புட்டு நேரம் தண்ணி ஊத்துனவ அவதான். டாக்டரே சொன்னாரு, இல்லாட்டி காலை எடுத்திருப்போம்னு. எனக்கும் பிள்ளை இருக்கு."

அலசுகிற இடத்தில் நின்ற பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கையை உதறிவிட்டு வந்து ஜெயசித்ராவுக்குப் பின்னால் நின்றார்கள். டேங்கிலிருந்து ஆவி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. சாம்சன் மேலே முதலாளியின் அறை ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு கை, சரி, கூப்பிடு என்று அசைந்தது.

ஜெயக்கொடி மடிப்பு மேசையிலிருந்து வந்தாள். சங்கிலியை இறக்கச் சொல்லி, கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தாள். ஹாய்ஸ்ட் கொக்கியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு பட்டன் பெட்டியை எடுத்து, கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு டேங்கை ஒட்டி நின்ற ஜெயசித்ராவைப் பார்த்தாள்.

"ஏட்டி, தள்ளி நில்லு. கொக்கிக் கம்பு நீளமாத்தான இருக்கு, கூண்டை ஒரசிக்கிட்டு என்ன சோலி?"

ஜெயசித்ரா முறைத்தாள். முறைத்துக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் போனாள்.

"இன்னும்" என்றாள் ஜெயக்கொடி.

அவள் சுவரோரம் போய் நின்ற பிறகுதான் கூண்டு எழும்பியது.